திம்மப்பன் கலக்கிய சீசா

அத்திப்பள்ளிச் சுடுகாட்டில் ஒரு கிழவனை எரித்துவிட்டு, மறுநாள் எலும்பு பொறுக்கப் போனவர்கள் சாம்பலுக்குள்ளிருந்து பதின்மூன்று மாத்திரைகளையும் சேர்த்துப் பொறுக்கினார்களாம். எல்லாம் முழுசு முழுசாக, ஓரம்கூடத் தேயாமல் கிடந்ததாம். ஜூஜுவாடி நாராயணப்பன் கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகள். இதைத் திம்மப்பனுக்குச் சொன்னவன் ஓசூர் பஸ்ஸின் கண்டக்டர். கண்டக்டருக்குச் சொன்னவர் சோதனைச்சாவடியில் ஏறிய பட்டுக்கூடு வியாபாரி. அவருக்குச் சொன்னது யாரென்று கண்டக்டர் கேட்டுக்கொள்ளவில்லை.

"நெருப்புலயே கரையாதது வயித்துல எங்கய்யா கரையப் போவுது? அந்தக் கெழவன் நடந்தா சோழி குலுக்கற மாதிரி சத்தம் வருமாம்" என்றான் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. திம்மப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதே கடையில் அன்று காலையில் வாங்கிய மாத்திரைப் பொட்டலம் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் பெண்டாட்டி மாரம்மா இரண்டு வருஷமாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு வேளைக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. இப்போது வேளைக்கு ஆறு. வலி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதம். ஓசூர்ப் பக்கத்துக் குளிர் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் மாதம்.

திம்மப்பன் ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ரசாயனக் கூடத்தில் அட்டெண்டர். அவன் அப்பன் சானமாவுப் பக்கத்தில் நிலக்காரர்களுக்குக் கிணறு வெட்டியவன். அவனும் பதினாலு வயசு வரை மண்கூடை சுமந்தான். யுத்த காலத்தில் பெங்களூர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சீசா கழுவும் வேலை கிடைத்தது. கழுவக் கழுவ ஒன்றுகூட உடையவில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் அவனை இந்தப் பள்ளிக்குள் கொண்டுவந்து விட்டது. சேர்ந்த அன்றைக்கே பெரிய வாத்தியார் ஒரு விதி சொன்னார்: குடிதண்ணீர்ப் பானை பக்கம் போகக் கூடாது. நைட்ரிக் அமிலத்தைத் தொடலாம், பானையைத் தொடக் கூடாது. திம்மப்பன் சரிங்க என்றான். ரசாயனக் கூடத்துக் குழாயில் வரும் தண்ணீராவது தன்னுடையது என்று வைத்துக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவன் கையால் உடைந்தது இரண்டே இரண்டு சோதனைக் குழாய். இங்கிலீஷ் எழுத்துகளைச் சீசா லேபிள்களிலிருந்தே ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டான். வகுப்புக்கு வேண்டிய கரைசல்களை வாரத்துக்கு ஒரு தரம் பெரிய சீசாக்களில் மொத்தமாகக் கலக்கி, பெயர் ஒட்டி, வரிசையாக வைப்பது அவன் வேலை. அந்த வரிசையைப் பார்த்தால் அவனுக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

மாரம்மாவுக்கு அத்திப்பள்ளியில் பட்டுநூல் எடுக்கும் கொட்டகையில் வேலை. கொதிக்கிற தண்ணீரில் மிதக்கும் கூடுகளை வெறும் விரலால் தடவித் தடவி நூல் முனையைப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படிப் பிடித்த கைகள். விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை மாதிரி வீங்கி, மணிக்கட்டு வளைந்து, கடைசியில் சீலைக் கொசுவத்தைக்கூடத் தங்கச்சி நாகம்மா வந்து சொருகிவிட வேண்டியதாயிற்று. களி கிண்ட முடியாது. தலை சீவ முடியாது. தர்மாஸ்பத்திரியில் சிவப்புத் தண்ணீர் கொடுத்து, கையைச் சுடுதண்ணியில் வைக்காதே என்றார்கள். வைக்காவிட்டால் கொட்டகையில் வேலை கிடையாது. டவுன் மருந்துக்கடையிலோ டாக்டர் சீட்டு இல்லாமல் நல்ல மாத்திரை தர மாட்டோம் என்றார்கள். மிஞ்சியது நாராயணப்பன் கடைதான். பட்டாளம் கழித்துப்போட்ட மருந்து டப்பாக்களை ஏலத்தில் எடுத்து, ஏழெட்டு வருஷமாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கல் மாதிரி இருக்கும். முகர்ந்தால் காடி வாடை அடிக்கும்.

அன்று காலை அவள் சொல்லியிருந்தாள்: "இந்தாய்யா, இந்தத் தை முடியறதுக்குள்ள இந்தக் கைக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி சானமாவுக் காட்டுக்குப் போயி யானை முன்னால நின்னுடுவேன். அதுக்காவது என்மேல எரக்கம் வரும்."

விளையாட்டுப் பேச்சு இல்லை. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை என்பதுதான் திம்மப்பனைப் பயமுறுத்தியது. பஸ்ஸில் கேட்ட கதையோ அந்தப் பயத்துக்குள் ஒரு சந்து திறந்துவிட்டது. மாத்திரை வேலை செய்யாமல் இல்லை, கரையாமல்தான் இருக்கிறது! கரைய வைத்துவிட்டால்?

பள்ளிக்கு மறு வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு சோதனை செய்து காட்ட வேண்டும், அதோடு கூடத்தின் இருப்பையும் பட்டியல் பார்த்துச் சரிபார்ப்பார்கள். ரசாயன வாத்தியார் கோவிந்தப்பன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் சுண்ணாம்புத் தண்ணியில ஊதி ஊதிப் பாலாக்கிக் காட்டறீங்கடா. இன்ஸ்பெக்டருக்கே நல்லா ஊதத் தெரியும். வேற ஏதாச்சும் பண்ணித் தொலைங்க."

ஐந்தாம் படிவத்துச் சென்னப்பன் வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் மகன். வாய் நீளம், கையும் சுறுசுறுப்பு. சோதனை ஒன்றும் அகப்படாமல் அவன் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது திம்மப்பன் பக்கத்தில் போய் நின்றான்.

"என்னா திம்மப்பா, மாத்திரையும் கையுமா நிக்கற? எங்க மூஞ்சியப் பாத்துத் தலவலி வந்துடுச்சா?"

"இல்லீங்க சின்னய்யா. இது கரையுதா, எவ்ளோ நேரத்துல கரையுதுன்னு பாத்தா நல்லாருக்கும். அத்திப்பள்ளியில ஒருத்தர் சாம்பல்ல..."

"அந்தப் பதிமூணு மாத்திரையா? எங்க ஆஸ்டல்ல அது இருபத்தஞ்சு ஆயிடுச்சு!" என்று சிரித்த சென்னப்பன், சிரிப்பு முடிவதற்குள் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டான்.

மறுநாள் பகல் முழுவதும் மூன்று குழாய்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றன. ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் இரைப்பையில் இருப்பது போன்ற நீர்த்த அமிலம். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்ட தண்ணீர். சென்னப்பன் அப்பாவின் சங்கிலிக் கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டான். கலக்கலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, "வயித்துக்குள்ள உங்க அக்காவா வந்து கரண்டி போட்டுக் கலக்கறா?" என்று அடக்கினான்.

சோடாக் குழாயில் மாத்திரை விழுந்ததும் புசுபுசுவென்று நுரை எழுந்தது. நாலு நிமிஷம். ஐந்தாவது நிமிஷம் குழாயில் ஒன்றுமில்லை, தெளிந்த தண்ணீர். மற்ற இரண்டில் ஒரு மணி ஆகியும் மாத்திரை கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. திம்மப்பன் குனிந்து அந்தத் தெளிந்த குழாயையே பார்த்தான். அவனுக்கு மாரம்மாவின் கை தெரிந்தது.

சென்னப்பன் நோட்டில் எழுதினான்: 'ஒரு மாத்திரைக்கு ஒரு சிட்டிகை சோடா.' கீழே கோடு போட்டான். கோவிந்தப்பன் வாத்தியார் எட்டிப் பார்த்து, "பேஷ். இன்ஸ்பெக்டருக்கு இதக் காட்டு. ஆனா எவனும் வீட்டுக்குப் போயி வைத்தியம் கிய்த்தியம் பண்ணிப்புடாதீங்க" என்றார். அது பையன்களுக்குச் சொன்னது என்று திம்மப்பன் எடுத்துக்கொண்டான். மணி அடிப்பதும் அவன் வேலை. நேரமாகிவிட்டதென்று ஓடினான். அவன் போன பின் சென்னப்பன் அதே சோடாக் குழாயில் இரண்டாவது மாத்திரை ஒன்றைப் போட்டுப் பார்த்ததோ, அது கரையாமல் அடியில் போய் மாவாகப் படிந்ததோ, அதையும் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்ததோ அவனுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கூடத்தைப் பூட்டுமுன் ஒரு வேலை செய்தான். பதினோரு வருஷத்தில் செய்யாத வேலை. அலமாரியிலிருந்து ஒரு பெரிய பச்சைச் சீசாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். சோடா உப்பு ஜாடியைத் திறந்தான். உள்ளே அள்ளிய பள்ளம் தெரிந்துவிடுமோ என்ற பயம். சரிபார்ப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளிக் காகிதத்தில் போட்டான். பதினைந்தாவது சிட்டிகையில் கை நின்றுவிட்டது. மேலே தடவிச் சமன் செய்து மூடிவைத்தான்.

அவன் காலை ஏழு மணிக்கே பஸ் ஏறுகிறவன். மாரம்மாவால் குழாய் பிடித்துக் கலக்க முடியாது. ஆகவே வகுப்புக்குச் செய்வது போலவே அவளுக்கும் மொத்தமாகக் கலக்கி வைத்துவிடுவது என்று தீர்மானித்தான். வேளைக்கு ஆறு, நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாளைக்கு அறுபது மாத்திரை. பத்து டம்ளர் கொதிநீர். பதினைந்து சிட்டிகை சோடா. சோடா கொஞ்சம்தான், ஆனால் வெந்நீரின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான். பார்த்துக்கொள்ளவும் செய்தது. நுரை அடங்கியபோது சீசா லேசான மங்கலோடு கலங்கி நின்றது, கல் ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'மாரம்மா' என்று எழுதி ஒட்டினான்.

"என்னாய்யா, எனக்கே லேபிளு ஒட்டிட்ட? அலமாரியில ஏத்தி வெக்கப் போறியா?" என்றாள் அவள்.

"காலையில ஒரு டம்ளரு, சாயங்காலம் ஒரு டம்ளரு. அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை காலை முதல் டம்ளர். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்படியில் சத்தம் கேட்டது. மாரம்மா கால்களால் பானையை அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோலைப் பிடித்து, தானே களி கிண்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. அவனைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பு நின்றால்தானே.

"நாகி இனிமே எனக்குக் கொசுவம் சொருவத் தேவயில்ல. போயி அவ புருசன் வேட்டியச் சொருவட்டும்."

"அக்கா, வாயி மட்டும் உனக்கு எப்பவுமே வீங்கினதில்ல" என்றாள் வாசலில் நின்ற நாகம்மா.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அப்படித்தான் போயின. திம்மப்பன் பஸ்ஸில் கண்டக்டரிடம் மாத்திரையைக் கரைக்கத் தனக்கு வழி தெரியும் என்றான். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. திங்கள் சாயங்காலத்து டம்ளர் கொஞ்சம் கெட்டியாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மாரம்மா காதைத் தட்டிக்கொண்டாள்.

"காதுக்குள்ள தேனி கூடு கட்டியிருக்குதுய்யா. ஙொய்ய்ங்குது."

"பட்டுக்கூடு போதாதுன்னு தேன்கூடு வேறயா?" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். அந்தச் சிரிப்பை அப்புறம் அவன் எத்தனையோ தடவை திரும்ப எடுத்துப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் கடைசி டம்ளர். சீசாவில் கொஞ்சம்தான் மிச்சம், அடியில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கெட்டியாக இருந்தது. நல்ல மருந்தை வீணாக்குவானேன் என்று மாரம்மா வெந்நீர் ஊற்றி, சீசாவை நன்றாகக் குலுக்கி, இரண்டு டம்ளராக நிரப்பி இரண்டையும் குடித்தாள். அடியில் இருந்தது முழுக்க வந்துவிடவில்லை என்று விரலால் வழித்துப் பார்த்தாள், எட்டவில்லை. வலியே இல்லாத அந்தக் கையால்தான் குலுக்கினாள்.

புதன் விடிந்தபோது அவள் மலை ஏறினவள் போல மூச்சு வாங்கினாள். உட்கார்ந்த இடத்திலேயே வாங்கினாள். வாந்தி. உடம்பு நெருப்பு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "தேனிய ஓட்டு, தேனிய ஓட்டு" என்றாள். கல் ஏற்றிப் போன லாரி ஒன்றை மறித்து, நாகம்மாவும் திம்மப்பனும் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு எல்லை தாண்டி பெங்களூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வீட்டிலிருந்து கிளம்பும் அவசரத்திலும் திம்மப்பன் சீசாவைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் சரிபார்ப்பு.

வார்டில் ஒரு சின்ன வயசு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார். ஏதாவது மாத்திரை தின்றாளா? எத்தனை?

திம்மப்பன் வாய் திறந்தான். பை தொடையில் இடித்தது. பையில் பள்ளிக்கூடத்துச் சீசா. ஜாடியில் பதினைந்து சிட்டிகைப் பள்ளம். எடுத்தது தெரிந்தால் திருட்டு என்பார்கள். இந்த ஜாதிக்காரனை உள்ளே விட்டதே தப்பு என்பார்கள். மாத்திரையால் ஒன்றும் இராது. இரண்டு வருஷமாகத் தின்கிற மாத்திரைதானே?

"எரடு" என்றான். இரண்டு.

டாக்டர் மார்ச்சளிக் காய்ச்சல் என்று எழுதினார். கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நர்ஸ் எதையோ குறித்தாள். திம்மப்பன் லேபிள் படிப்பது போல எழுத்து எழுத்தாகப் படித்தான். ஏ, எஸ், பி... ஆஸ்பிரின். நாலு மணிக்கொரு தரம், இரண்டு. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு. நாராயணப்பன் கடை டப்பாவிலும் இதே எழுத்துகள்தான். அவனுக்கு அப்போது வந்தது நிம்மதி. அதே மருந்து, ஆனால் புதுசு, கரையக்கூடியது. பெண்கள் வார்டில் ஆண் தங்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். நாகம்மா கூட இருந்தாள். வியாழக்கிழமை காலை இன்னொரு தரம் போய் வாசலில் நின்று விசாரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வருவதற்குள் என்று ஓசூர் பஸ் ஏறினான்.

கூடத்தைத் திறந்தபோது மணி மூன்று. இன்ஸ்பெக்டர் பெரிய வாத்தியார் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். திம்மப்பன் சீசாவை எடுத்துக் குழாயடியில் கழுவினான். கழுவின கை நின்றது. அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் பாறை கட்டியிருந்தது. உள்ளே ஊசி ஊசியாக மின்னியது.

அவனுக்கு அந்த மின்னல் தெரியும். வருஷா வருஷம் வெந்நீரில் படிகாரம் கரைத்து, குளிர விட்டு, நூலில் படிகம் வளர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவன் அவன்தான். சூட்டில் கரைந்தது குளிரில் அடியில் இறங்கும். தை மாதத்துக் குளிரில், ஐந்து இரவு அந்தச் சீசா ஜன்னலோரம் நின்றிருக்கிறது.

"சின்னய்யா" என்றான். சோதனை மேசையில் குழாய் அடுக்கிக்கொண்டிருந்த சென்னப்பன் திரும்பிப் பார்த்து, கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான்.

"ஒரு மாத்திரைக்கு ஒரு சிட்டிகைன்னு எழுதினீங்களே. சிட்டிகை கொறஞ்சா?"

"கொறஞ்சா கொறஞ்ச அளவுதான் கரையும். மிச்சம் மாவாட்டம் அடியில நிக்கும். பாரு, அடுத்த வரியிலயே எழுதியிருக்கறேன். எத்தன மாத்திரைக்கு எத்தன சிட்டிகை போட்ட?"

"அறுபதுக்குப் பதினஞ்சு."

சென்னப்பன் கணக்கில் கெட்டிக்காரன். விரல் விடவில்லை. "பதினஞ்சுதான் ஆறின பிறகும் கரைஞ்சு நின்னிருக்கும். பத்து டம்ளர்ல பிரிச்சா, டம்ளருக்கு ஒண்ணரை" என்றான்.

ஒன்றரை. வேளைக்கு ஒன்றரை மாத்திரையில் அவள் களி கிண்டியிருக்கிறாள்.

"மிச்சம் நாப்பத்தஞ்சு?" என்றான் திம்மப்பன். அவனுக்கே பதில் தெரியும். சீசாவில் ஒட்டியிருந்தது ஏழெட்டு இருக்கும். பாக்கி எல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குலுக்கி ஊற்றின அந்த இரண்டு டம்ளரில் போய்விட்டது.

கோவிந்தப்பன் வாத்தியார் உள்ளே வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சென்னப்பன்தான் விஷயத்தைச் சொன்னான். வாத்தியார் முகம் வெளுத்தது.

"காது இரைஞ்சுதா?"

"இரைஞ்சுதுங்க. தேனின்னா."

"மூச்சு வாங்குதா? காய்ச்சலா? அடப்பாவி, அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினா அப்டித்தான்டா பண்ணும். அங்க என்னா குடுக்கறாங்க?"

"அதேதாங்க" என்றான் திம்மப்பன். அப்போதுதான் அது அவனுக்கும் விளங்கியது. "காய்ச்சலுக்கு அதே மருந்துதாங்க குடுக்கறாங்க. ரெண்டு ரெண்டா. நான் ரெண்டுதான் தின்னான்னு சொன்னேனுங்க. நாலு மணிக்கு மறுபடியும் குடுப்பாங்க."

வாத்தியார் அவனை அறையக் கை ஓங்கினார். ஓங்கின கையாலேயே அவன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "ஓடு. தபாலாபீசுக்கு ஓடு. போன்ல சொல்லி அந்த மாத்திரைய நிறுத்து. சீசாவ நான் பாத்துக்கறேன்."

"நான் ரோட்டுக்குப் போயி லாரி ஏதாச்சும் புடிக்கறேன் சார்" என்றான் சென்னப்பன், சட்டைக்குள் நோட்டைச் சொருகிக்கொண்டே. "சாவடியில எத்தன நேரம் நிறுத்துவாங்களோ. திம்மப்பண்ணா, வார்டு என்னா நம்பரு?"

"பதினொண்ணு. சன்னலோரக் கட்டிலு."

இருவரும் வாசல் வரை சேர்ந்து ஓடினார்கள். அங்கே ஒருவன் இடது பக்கம் திரும்பினான், ஒருவன் வலது பக்கம்.

தபாலாபீசுக் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. போஸ்ட்மாஸ்டர் ராமப்பன் கம்பிக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஜன்னலில் நாலைந்து பேர். திம்மப்பன் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனான். பின்னால் யாரோ, "இவனுக்கு வந்த துணிச்சலப் பாரு" என்றார்கள்.

"சாமி, பெங்களூருக்கு ட்ரங்க் கால். பெரியாஸ்பத்திரி. பொம்பளைங்க வார்டு பதினொண்ணு. உசுரு போற அவசரம்."

ராமப்பன் நிமிர்ந்து பார்த்தார். போனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, அர்ஜென்ட் என்று இரண்டு தரம் சொன்னார். அப்புறம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முள் நகர்ந்தது. மூன்று நாற்பது.

"லைன் வந்தா என்னா சொல்லணும்? சொல்லு, நானே சொல்லிடறேன்" என்றார். அது உதவியா, அந்தக் கருவியில் இவன் வாய் படக்கூடாது என்றா என்பது திம்மப்பனுக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க சாமி" என்றான். "ரெண்டு மாத்திரைன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அம்பது மாத்திரை. ஒரே சாயங்காலம் முப்பத்தஞ்சுக்கு மேல. பள்ளிக்கூடத்துச் சீசாவத் திருடி, சோடாவத் திருடி, நானே கலக்கிக் குடுத்தேன். அவளுக்குச் சளிக்காய்ச்சல் இல்ல. அந்த மருந்துதான். நாலு மணிக்கு அதக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. குடுக்க வேணாம்னு மட்டும் மொதல்ல சொல்லிடுங்க சாமி."

ராமப்பன் எழுந்தார். கம்பிக் கதவின் கொண்டியை நீக்கினார். உள்ளே வா என்று கையைக் காட்டி, ரிசீவரை அவனிடமே நீட்டினார்.

காதில் வைத்தான். முதலில் வெறும் இரைச்சல், தேனீக்கூட்டம் போல. பிறகு எங்கோ ஒரு பெண் குரல் கன்னடத்தில், "ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டு" என்றது.

"அம்மா, பதினொண்ணாம் வார்டு. மாரம்மா. ஜூஜுவாடி மாரம்மா" என்று தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினான்.

"இருங்க, வார்டுக்குக் கொடுக்கறேன்."

டக் என்றது. அப்புறம் மணி அடிக்கத் தொடங்கியது. அந்த வார்டு அவன் கண்முன் வந்தது. வாசலை ஒட்டிய மேசை, அதன்மேல் கறுப்புப் போன், பக்கத்தில் நர்ஸ் மருந்து வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டி. வண்டி இப்போது எந்தக் கட்டிலருகில் நிற்கிறதோ. சன்னலோரக் கட்டில் கடைசி. கடைசியாக இருக்கட்டும். நாகம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். போன் அடித்தால் எடுக்கலாம் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தனக்கும்தான் யார் சொன்னார்கள்?

எட்டு. ஒன்பது. குழாய்க்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு நொடி எண்ணிச் சொன்ன பழக்கத்தில் மணியோசையை எண்ணிக்கொண்டிருந்தான். பதினான்கு. பதினைந்து. பதினைந்தில் அன்றைக்குக் கை நின்றது. பதினாறு.

"யாரும் எடுக்கலீங்க. வெச்சுடட்டுமா?" என்றது நடுவில் அந்தப் பெண் குரல்.

"வேணாம்மா, வேணாம். அடிக்கட்டும். அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

சுவரில் மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஜன்னலில் நின்றவர்கள் யாரும் ஸ்டாம்பு கேட்கவில்லை. ராமப்பன் எழுந்து நின்றிருந்தார். திம்மப்பன் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்து, இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று எண்ணிக்கொண்டே நின்றான். அந்தப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.